நெய்தவள் தந்த பெயர்

ஆங்கிலம் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் வெப்ஸ்டர். ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லையா? "வெப்ஸ்டரைப் பார்" என்பார்கள். அமெரிக்க நாட்டிலே அது ஓர் ஆளின் பெயர் என்ற நிலையையும் கடந்து, அகராதி என்பதற்கே மறுபெயராகிவிட்டது. பல்லாயிரம் சொற்களுக்குப் பொருள் கூறும் அந்தப் பெயருக்கு என்ன பொருள்? அகராதியைப் புரட்டுவோரில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்போம்?

"நெய்பவள்" என்பதே அதன் பொருள். நெய்பவன் அல்ல, தோழர்களே, நெய்பவள்!

தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக வழிவழி வந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பப் பெயர். அதைத் தாங்கி நின்றவர்கள் நாடக ஆசிரியர்கள், பாதிரிமார்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள். ஆனால் சொல்லின் வேரைத் தோண்டினால், அங்கே மீசை முறுக்கிய மூதாதை எவனும் இல்லை. தறியின் முன்னே நின்று பாவுக்கும் ஊடைக்கும் இடையே தன் வாழ்நாளைச் செலவிட்ட பெண்ணொருத்தி நிற்கிறாள். அவள் தொழிலைக் குறித்த சொல், ஆண்களின் பரம்பரைப் பெயரானது எப்படி? பெயரை எடுத்துக்கொண்ட உலகம் அவளைத் தறியைவிட்டுத் துரத்தியது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு சொல்லின் வரலாறு ஒரு சமுதாயத்தின் வரலாறாக விரியக் காண்கிறோம்.

சொல்லின் வேர்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், நெய்யும் ஆணுக்கு "வெப்பா" என்று பெயர். நெய்யும் பெண்ணுக்கு "வெப்பெஸ்ட்ரே". தமிழிலே "அன்", "அள்" என்னும் ஈறுகள் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டுவது போல, அந்த மொழியில் "எஸ்ட்ரே" என்னும் ஈறு தொழில் புரியும் பெண்ணைக் காட்டி நின்றது. வெப்பா என்பது தேய்ந்து "வெப்" என்னும் குடும்பப் பெயராயிற்று. வெப்பெஸ்ட்ரே தேய்ந்து வெப்ஸ்டர் ஆயிற்று.

இது தனித்து நிற்கும் ஒற்றைச் சொல் அன்று. பெரியதொரு குடும்பமே உண்டு. ரொட்டி சுடுகிறவள் "பேக்ஸ்டர்". பார்லியை ஊறவைத்து மது காய்ச்சுகிறவள் "புரூஸ்டர்". துணிக்குச் சாயம் தோய்க்கிறவள் "லிஸ்டர்". கம்பளி மயிரைச் சிக்கெடுத்துச் சீவுகிறவள் "கெம்ப்ஸ்டர்". நூல் நூற்கிறவள் "ஸ்பின்ஸ்டர்". உண்ணும் ரொட்டி, பருகும் மது, உடுக்கும் உடை ஆகிய மூன்றும் அந்நாளைய இங்கிலாந்தில் யார் கையால் உருவாயின என்பதற்கு இந்தச் சொற்களே சான்று. அரசர்களின் போர்களை எழுதிவைத்த துறவிகள், அடுப்படியிலும் தறியடியிலும் உழைத்தவர்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எழுதாமற் போனாலும் மொழி மறக்கவில்லை. ஏடு மறைத்ததைச் சொல் காட்டிக்கொடுக்கிறது!

அறுவை மருத்துவத்தில் கிருமிக் கொல்லி முறையை 1867ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஜோசப் லிஸ்டரும், 1816ஆம் ஆண்டில் கலைடாஸ்கோப் என்னும் வண்ணக் காட்சிக் கருவியைக் கண்டுபிடித்த டேவிட் புரூஸ்டரும் இப்படிப்பட்ட பெயர்களைத் தாங்கியவர்களே. ஒருவர் பெயரில் சாயத்தொட்டி இருக்கிறது. மற்றவர் பெயரில் மதுப்பானை இருக்கிறது. இரண்டும் பெண்கள் பாடுபட்ட இடங்கள்.

கதிரின் பக்கம்

ஒன்பதாம் நூற்றாண்டில் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்பிரட் மன்னரின் உயில் இன்றும் கிடைக்கிறது. சொத்து யாருக்குச் சேர வேண்டும் என்று வகைப்படுத்தும்போது, தம் குலத்தின் ஆண்வழியை "ஈட்டியின் பக்கம்" என்றும், பெண்வழியை "கதிரின் பக்கம்" என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆணுக்கு அடையாளம் ஈட்டி. பெண்ணுக்கு அடையாளம் நூல் நூற்கும் கதிர். ஒருவன் கையில் இருப்பது கொல்லும் கருவி. இன்னொருத்தி கையில் இருப்பது உடுத்தும் கருவி. சொத்தைப் பெறுவதில் ஈட்டியின் பக்கத்துக்கே மன்னர் முதலிடம் தந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பழம்பெரும் ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்ப்பில் உயர்குடிப் பெண்ணைக் குறிக்க "அமைதியை நெய்பவள்" என்று பொருள்படும் சொல் ஒன்று வருகிறது. பகைகொண்ட இரு குலங்களுக்கிடையே பெண் கொடுத்துப் பகை தீர்ப்பது அக்கால வழக்கம். நெய்தல் என்பது பெண்ணோடு அவ்வளவு பின்னிக் கிடந்த தொழிலாதலால், புலவனின் கற்பனையும் அங்கிருந்தே உவமை எடுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "மனைவி" என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லும் "நெய்தல்" என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது என்று கதை கட்டுவோர் உண்டு. கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் சொல்லாராய்ச்சி அதனை ஒப்பவில்லை. நமக்கு உகந்தது என்பதற்காகப் பொய்யைப் போற்ற வேண்டிய தேவை நமக்கில்லை. உண்மையிலேயே நமக்குப் போதிய சான்று இருக்கிறது.

பெயர் நிலைத்த கதை

முற்காலத்து ஆங்கிலேயனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இட்ட பெயர் ஒன்றே. அதுவும் ஊரில் பத்துப் பேருக்குப் பொதுவாக இருக்கும். 1066ஆம் ஆண்டில் நார்மன் படை இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் போன்ற சில பெயர்களே நாடெங்கும் பெருகின. ஒரே ஊரில் ஐந்து ஜான்கள் இருந்தால் எவனை எப்படி அழைப்பது? தந்தை பெயரைச் சேர்த்தார்கள். குடியிருக்கும் இடத்தைச் சேர்த்தார்கள். உடல் தோற்றத்தைச் சேர்த்தார்கள். செய்யும் தொழிலைச் சேர்த்தார்கள். கொல்லன் ஜான் "ஸ்மித்" ஆனான். மாவரைக்கும் ஆலைக்காரன் "மில்லர்" ஆனான். தையற்காரன் "டெய்லர்" ஆனான். ஓடு வேய்பவன் "டைலர்" ஆனான்.

தொடக்கத்தில் இவை ஆளோடு பிறந்து ஆளோடு மறைந்த அடைமொழிகள். தந்தை கொல்லன், மகன் தச்சன் என்றால், மகனுக்கு வேறு அடைமொழி. ஆனால் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும்போது, "இவன் அவன் மகன்தான்" என்று காட்ட ஒரு நிலையான பெயர் தேவைப்பட்டது. வரி தண்டும் அரசுக்கும் அது தேவைப்பட்டது. நிலம் வைத்திருந்த உயர்குடியினர் முதலில் நிலையான பெயரைக் கொண்டனர். பின்னர் தென்னாட்டு உழவர். அதன் பின்னர் வடநாட்டார். பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து மக்களுள் பெரும்பாலோர்க்குப் பரம்பரைப் பெயர் ஏற்பட்டுவிட்டது. குடும்பப் பெயர் என்பது ஏதோ குலதெய்வம் அருளிய கொடையன்று. கணக்கப்பிள்ளையின் பேனாவும், வரிகாரனின் சுருளும், வாரிசுச் சண்டையும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு!

பிரெஞ்சு நாட்டோடு நடத்திய நெடும்போருக்குப் பணம் வேண்டி, 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில அரசு தலைவரி விதித்தது. அந்த வரிச் சுருள்களுள் யார்க்ஷயர் மேற்கு வட்டாரத்துக்குரிய 1379ஆம் ஆண்டுச் சுருள் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு புதையல். பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் பெயர்கள் ஊர் ஊராக அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எளியவருக்கு 4 பென்னி வரி. கைத்தொழிலாளருக்கு 6 பென்னியும் அதற்கு மேலும். வரி கூடுதலாக வாங்குவதற்காகவே பலருடைய தொழிலையும் எழுத்தர் பதிந்துவைத்தார். அங்கே வெப்ஸ்டர் என்னும் சொல் தொழிலாகவும் வருகிறது, பெயராகவும் வருகிறது, ஆணுக்கும் வருகிறது, பெண்ணுக்கும் வருகிறது. ஒரு சொல் தொழிலிலிருந்து பெயராக மாறிக்கொண்டிருந்த வேளையில், அதைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டும் ஏடு அது.

மணமான இருவருக்கும் சேர்த்து ஒரே வரி. ஆதலால் அந்தச் சுருளின் பதிவுகள் பலவற்றில் கணவன் பெயரை எழுதி, "அவன் மனைவியும்" என்று மட்டும் முடித்துவிட்டார்கள். அவளுக்குப் பெயர் இல்லையா? இருந்தது. எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. யார்க்ஷயரில் அவள் நூற்ற நூலிலும் நெய்த கம்பளியிலும் நாட்டின் செல்வம் பெருகியது. அந்தச் செல்வத்துக்குக் கணக்கெழுதிய சுருளில் அவளுக்கு ஒரு வரி இடமில்லை!

பெண்பாற் சொல் ஆணுக்கு வந்தது எப்படி?

வெப்ஸ்டர் என்ற பெயர் தாங்கிய ஒவ்வொரு குடும்பமும் நெசவுக்காரி ஒருத்தியிடமிருந்தே தோன்றியது என்று சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. சான்று அவ்வளவு தூரம் செல்லவில்லை. பழைய ஆங்கிலத்திலேயே அந்தப் பெண்பால் ஈறு சில இடங்களில் ஆணுக்கும் வழங்கியது. பின்னர் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதன் பெண்மைப் பொருள் மங்கி, நெய்பவர் எவரானாலும் வெப்ஸ்டர் என்னும் வழக்கு ஏற்பட்டது. தெற்கே வெப், வடக்கே வெப்ஸ்டர் என்று நாடு இரண்டாகப் பிரிந்தது. இலண்டன் கவிஞரான சாசர் தம் கான்டர்பரிக் கதைகளில் யாத்திரைக் கூட்டத்தில் ஒரு நெசவாளியைச் சேர்க்கும்போது, அவனை "வெப்" என்றே குறிக்கிறார்.

ஆகவே, ஒவ்வொரு வெப்ஸ்டர் குடும்பத்துக்கும் முதலில் நின்றவர் ஆணா, பெண்ணா என்பது வேறு. அந்தச் சொல் எதனால் அப்படி அமைந்தது என்பது வேறு. முதல் கேள்விக்கு ஒரே விடை இல்லை. இரண்டாம் கேள்விக்கு ஐயமற்ற விடை உண்டு. பெண்ணின் கைத்தொழிலாக நெசவு இருந்ததனால்தான் பெண்பாற் சொல் தொழிலின் பொதுச் சொல்லாக வளர்ந்தது. வழிவந்த ஆண்மகன், வரும்போதே அவள் பெயரைச் சூடிக்கொண்டு வந்தான்.

பதினான்காம் நூற்றாண்டு இலக்கியமும் இதற்குத் துணை நிற்கிறது. லாங்லாந்து இயற்றிய பியர்ஸ் பிளவ்மன் என்னும் நூலில், பேராசை என்னும் பாத்திரத்தின் மனைவி கம்பளி நெய்கிறாள். மது காய்ச்சியும் விற்கிறாள். சாசர் படைத்த பாத் நகரத்துப் பெண்மணி துணி நெய்வதில் பெல்ஜிய நகரங்களான ஈப்ரையும் கெண்ட்டையும் விஞ்சியவள். புலவர்கள் இருவரும் அந்தப் பெண்களைக் கேலி செய்யவே முனைந்தார்கள். கேலி செய்யும்போதும் அவர்களின் தொழிலை மறைக்க இயலவில்லை.

தறியடியிலிருந்து துரத்தப்பட்டவள்

பழைய தறி நிமிர்ந்து நிற்பது. சுவரோரம் சாய்த்து நிறுத்தி, பாவு நூலின் கீழ்முனையில் மண் வில்லைகளைக் கட்டித் தொங்கவிட்டு, நின்றபடியே நெய்வார்கள். வீட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் மிதிகட்டை வைத்த படுக்கைத் தறி பரவியது. அது விரைவாக நெய்தது, நீளமாக நெய்தது, விலையும் மிகுதி. அகன்ற துணி நெய்ய இருவர் அமர வேண்டியிருந்தது. வீட்டுக்குத் தேவையான துணி, சந்தைக்குரிய சரக்காயிற்று. சரக்கு என்றதும் இலாபம் வந்தது. இலாபம் என்றதும் ஆடவர் வந்தனர். ஆடவர் வந்ததும் சங்கம் வந்தது. சங்கம் வந்ததும் தடை வந்தது!

இலண்டன் நெசவாளர் தொழிற்குழு அரசருக்குப் பணம் செலுத்திய செய்தி 1130ஆம் ஆண்டின் அரசுக் கணக்கிலேயே காணப்படுகிறது. 1155ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். 1331ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்ட், பிளாண்டர்ஸ் நாட்டு நெசவாளரான ஜான் கெம்ப் என்பவருக்குப் பாதுகாப்பு உறுதிமொழி தந்து வரவேற்றார். இங்கிலாந்தின் கம்பளி பெரும் வாணிகமாக வளர்ந்தது. வளர்ந்த வாணிகத்தில் பெண்ணுக்குக் கிடைத்த பங்கு என்ன?

பிரிஸ்டல் நகரம் 1461ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. நெசவாளர் தம் மனைவியையும் மகளையும் வேலைக்காரப் பெண்ணையும் தறியில் அமர்த்தக் கூடாது என்பது ஆணை. காரணமும் காட்டினார்கள்: பெண்கள் நெய்வதால், மன்னனுக்காகப் போரிடத் தகுந்த ஆண்கள் வேலையின்றித் திரிகிறார்களாம்! அதுவரை கணவனோடு தறியில் வேலை செய்துவந்த மனைவியருக்கு மட்டும் அவர்கள் வாழ்நாள் வரையில் விலக்கு அளித்தார்கள். பெண்ணுக்கு நெய்யத் தெரியாது என்று அந்த ஆணை சொல்லவில்லை. நன்றாகத் தெரியும் என்பதுதான் அவர்களின் அச்சம். திறமை இல்லை என்பதால் விலக்கவில்லை. திறமை இருக்கிறது என்பதால் விலக்கினார்கள்!

மது காய்ச்சும் தொழிலிலும் இதே கதைதான். 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மது காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுப் பானையில் காய்ச்சி, மிஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்பார்கள். சில நாளில் புளித்துவிடும் சரக்கு அது. பின்னர் ஹாப் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் காய்ச்சும் பீர், கடல் கடந்த தாழ்நாடுகளிலிருந்து வந்தது. அது நெடுநாள் கெடாது. வண்டியேற்றித் தொலைவுக்கு அனுப்பலாம். ஆனால் பெரிய கொப்பரை வேண்டும். கடன் வாங்கும் உரிமை வேண்டும். தொழிற்குழுவில் இடம் வேண்டும். இவை மணமான பெண்ணுக்கு எட்டாதவை. 1600ஆம் ஆண்டளவில் அந்தத் தொழில் ஆடவர் கைக்குப் போய்விட்டது. புரூஸ்டர் என்னும் பெயர் மட்டும் தங்கியது.

நூற்பவளின் நிலையோ இன்னும் வேதனை. நூற்பில் இலாபம் குறைவு. அதனால் அதைப் பெண்ணிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. அவள் நூற்றுக்கொண்டே இருந்தாள். ஸ்பின்ஸ்டர் என்னும் தொழிற்பெயர் பதினேழாம் நூற்றாண்டில் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாக மாறியது. பிறகு "மணமாகாமலே முதிர்ந்தவள்" என்னும் ஏளனச் சொல்லாகவும் தாழ்ந்தது. உழைத்துத் தன் காலில் நின்றவளின் பெயர், மாப்பிள்ளை கிடைக்காதவளின் பெயராயிற்று! இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது 2005ஆம் ஆண்டில்தான்.

இன்னொரு வேடிக்கை. "ஸ்டர்" என்னும் ஈற்றில் பெண்மை அழிந்துபோனதால், தையற்காரியையும் பாடகியையும் குறிக்க, அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. பெண்ணுக்கே உரியதாக இருந்த ஈற்றைப் பறித்துக்கொண்டு, பிறகு அவளைச் சுட்ட வேறொன்றைக் கடன் வாங்கினார்கள். இன்றைக்கு அந்தப் பழைய ஈறு "கேங்ஸ்டர்" என்ற சொல்லில் குண்டர்களோடு சுற்றித் திரிகிறது!

பரவிய பாதை

ஸ்காட்லாந்தில் நெசவாளர் தொழிற்குழுவுக்கே வெப்ஸ்டர் என்பது பெயர். பதினைந்தாம் நூற்றாண்டில் எடின்பரோ நகரம் அங்கீகரித்த தொழிற்குழுக்களில் அதுவும் ஒன்று. அந்நாட்டின் கிழக்குக் கரையில் ஆங்கஸ் வட்டாரத்தில் இந்தப் பெயர் செழித்துப் படர்ந்தது. அந்நாட்டில் புகழ்பெற்றவர் எடின்பரோப் பாதிரியார் அலெக்சாண்டர் வெப்ஸ்டர். 1755ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மக்கள்தொகையை முதன்முதலாகக் கணக்கிட்டு, 12,65,380 என்று அறிவித்தவர் அவர்தான். பாதிரிமார் இறந்தால் கைம்பெண்கள் பட்டினி கிடக்கும் நிலையைக் கண்டு, இராபர்ட் வாலஸ் என்பவருடன் சேர்ந்து, எத்தனை பேர் இறப்பார், எத்தனை கைம்பெண்கள் எஞ்சுவர், எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு நிதியை உருவாக்கினார். கைம்பெண்ணின் துயருக்கு வெறும் பிரார்த்தனையோடு நிற்காமல் கணிதத்தைக் கொண்டு வழி கண்டவர் பாதிரியார்! நெய்பவள் என்ற பெயர் தாங்கியவர், நெய்யத் தறியும் இல்லாது தவித்த பெண்களுக்குத் துணை நின்றார்.

ஷேக்ஸ்பியர் காலத்தை ஒட்டி வாழ்ந்து மால்பிச் சீமாட்டி என்னும் துயர நாடகத்தை எழுதிய ஜான் வெப்ஸ்டரின் தந்தை, இலண்டனில் கோச்சு வண்டி செய்தவர். பெயரில் தறி, தொழிலில் சக்கரம், மகன் கையில் எழுதுகோல். இரண்டே தலைமுறையில் பெயர், தொழில், கலை மூன்றும் மூன்று திசையில் நிற்கின்றன.

அமெரிக்கா சென்ற வெப்ஸ்டர்களுள் ஒருவர், 1656ஆம் ஆண்டில் கனெக்டிகட் குடியேற்றத்தின் ஆளுநரானார். அவர் வழிவந்தவரே, 1758ஆம் ஆண்டில் பிறந்த அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர். அவருடைய தந்தை உழவர், நெசவும் செய்தவர்! பெயரும் தொழிலும் பிரிந்து அலைந்து, அந்த வீட்டில் தற்செயலாக ஒருமுறை சந்தித்துக்கொண்டன. பெயர்தான் அவரைத் தறிக்கு இழுத்தது என்று விதியைப் பாடுவோர் உண்டானால், அவருடைய மகனைக் காட்டுங்கள். நிலத்தை அடகுவைத்து அந்தத் தந்தை மகனை யேல் கல்லூரிக்கு அனுப்பினார். மகன் பள்ளி ஆசிரியரானார். அமெரிக்கப் பிள்ளைகள் இங்கிலாந்து நூல்களையே படிப்பதைக் கண்டு மனம் பொறாமல், 1783ஆம் ஆண்டில் தாமே எழுத்துக்கூட்டும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். வேண்டாத எழுத்துகளைக் களைந்து எளிய எழுத்து முறையைப் பரப்பினார். 1828ஆம் ஆண்டில், எழுபது வயதில், ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்ட பேரகராதியைத் தந்தார். நெய்தவர் மகன் சொல் நெய்தார். குலத்தொழிலாக அன்று; கல்வி தந்த கொடையாக!

பெண் வெப்ஸ்டர்களும் உண்டு. விக்டோரியா காலத்துக் கவிஞர் அகஸ்டா வெப்ஸ்டர், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று எழுதியவர். 1879ஆம் ஆண்டில் இலண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் பிறந்தபோது டேவிஸ், மணந்ததால் வெப்ஸ்டர். பெண்ணின் தொழிலில் பிறந்த பெயர், ஆண்கள் வழியே நூற்றாண்டுகளைக் கடந்து, கணவன் தந்த பெயராக ஒரு பெண்ணிடம் திரும்பி வருகிறது! திருடிச் சென்ற பொருளைச் சீதனமென்று திருப்பித் தந்தது போலில்லையா? அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் உரிமை கணவனுக்குள் அடங்கியது. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பின்னரே, ஈட்டிய கூலியும் உடைமையும் அவளுடையவை ஆயின.

ஆலையில் மீண்டவள்

பதினெட்டாம் நூற்றாண்டு நெசவுத் தொழிலைத் தலைகீழாக்கியது. 1733ஆம் ஆண்டில் ஜான் கே விசைநாடாவைக் கண்டுபிடித்தார். நூற்புக்கும் பொறிகள் வந்தன. 1769ஆம் ஆண்டில் நீராற்றலால் ஓடும் நூற்புப் பொறிக்கு உரிமை பெற்றவர் ரிச்சர்ட் ஆர்க்ரைட். 1785ஆம் ஆண்டில் விசைத்தறிக்கு உரிமை பெற்றவர் எட்மண்ட் கார்ட்ரைட். ஆர்க்ரைட் என்றால் பெட்டி செய்பவன். அவரோ முடிதிருத்தும் தொழிலாளி! கார்ட்ரைட் என்றால் வண்டி செய்பவன், அவரோ பாதிரியார்! பெட்டி செய்யாத ஆர்க்ரைட்டும் வண்டி செய்யாத கார்ட்ரைட்டும் சேர்ந்து, வெப்ஸ்டர்கள் பரம்பரையாகக் காத்த தொழிலை ஆலைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பிறப்பும் பெயரும் தொழிலை விதிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா?

கைத்தறியாளர் வாழ்விழந்தனர். அந்தக் கொடுமையை மறக்க வேண்டாம். ஆனால் ஆலை வாயிலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பிரிஸ்டல் ஆணை துரத்திய பெண், லங்காஷயர் ஆலைகளில் மீண்டும் தறியடிக்கு வந்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பருத்தி நெசவாலைகளில் பெண்களே பெரும்பான்மை. தொழிற்சங்கத்தில் அவர்கள் சேர்ந்தார்கள். 1892ஆம் ஆண்டின் பொதுக் கூலிப் பட்டியலில், நெய்த துணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். 1901ஆம் ஆண்டில் வாக்குரிமை கேட்டு 29,000க்கும் மேற்பட்ட லங்காஷயர் ஆலைப் பெண்கள் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு, நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1379ஆம் ஆண்டுச் சுருளில் "அவன் மனைவியும்" என்று எழுதப்பட்டவளின் வழிவந்தவர்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்! 1918ஆம் ஆண்டில் முப்பது வயது கடந்த பெண்களுக்குச் சில தகுதிகளோடும், 1928ஆம் ஆண்டில் ஆணுக்கு நிகராகவும் வாக்குரிமை கிடைத்தது.

பெயருக்குள் இரத்தம் இல்லை

ஒரே பெயர் தாங்கியோர் ஒரே குருதி என்று பெருமை பேசுவோருக்கும் அறிவியல் விடை தந்திருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், தந்தைவழி வரும் மரபணுக் கூறுகளைக் குடும்பப் பெயர்களோடு ஒப்பிட்டு 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அரிய பெயர்களைத் தாங்கியோர் பலர் ஒரே மூதாதையின் வழியினராக இருந்தார்கள். ஆனால் ஸ்மித் போன்ற பரவலான பெயரைத் தாங்கியோரிடையே, முன்பின் அறியாதவர்களிடையே உள்ள அளவுக்கே வேறுபாடு இருந்தது. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். ஊருக்கு ஊர் பெயர் தனித்தனியே பிறந்தது. தறி இருந்த ஊர்களிலெல்லாம் வெப்ஸ்டரும் அப்படித்தான். அவர்களை இணைப்பது குருதியன்று. யாரோ செய்த உழைப்பின் நினைவு.

தோழர்களே! பெயர் என்பது கல்லறைக் கல் அன்று, கும்பிட்டுவிட்டுப் போவதற்கு. அது ஒரு சாட்சி. விசாரிக்க வேண்டிய சாட்சி. வெப்ஸ்டரை விசாரித்தால், தொழில் பிறப்போடு வருவதன்று என்று சொல்கிறது. பெண்ணால் இயலாது என்று எழுதப்பட்ட சட்டம், பெண்ணால் இயன்றதைக் கண்டு அஞ்சியவர்கள் எழுதியது என்றும் சொல்கிறது. உழைத்தவளை ஏட்டிலிருந்து நீக்கலாம், சங்கத்திலிருந்து நீக்கலாம், தறியிலிருந்தும் நீக்கலாம். அவள் வளர்த்த சொல்லிலிருந்து மட்டும் அவளை நீக்க இயலவில்லை.

அடுத்த முறை அகராதியைக் கையில் எடுக்கும்போது, அட்டையின் மேல் உள்ள பெயரை ஒருமுறை படியுங்கள். உள்ளே உள்ள சொற்களுக்கெல்லாம் பொருள் காண்பதற்கு முன், நெய்தவளை நினையுங்கள். அவளுக்கு வரலாறு கொடுக்க மறந்த கணக்கை, இனி எழுதப்போகும் வரலாற்றில் நாம் நேர் செய்வோம்!